விண்கலத்தின் வயிற்றில் ஒரு சிங்க மூஞ்சி

ஏனுங்க,

இதை ஊரறியத்தான் எழுதுகிறேன். தனியாகச் சொன்னால் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவீர்கள், உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா?

உங்கள் அண்ணன் கழுத்தில் நான் கத்தி வைத்துவிட்டேன். பிளாஸ்டிக் தகடு அறுக்க வைத்திருப்பீர்களே, முனை மழுங்கினால் ஒடித்துப் போடுகிற அந்த நீளக் கத்தி, அதேதான். ரத்தம் வந்தது. கொஞ்சம்தான், பதறாதீர்கள். ஆள் உயிரோடுதான் இருக்கிறார். இதை எழுதும்போது அடுப்படியில் உட்கார்ந்து நம் நிவேதாவோடு வர்க்கியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார்.

நீங்கள் போனதிலிருந்தே எனக்கு யாரையாவது போட்டு அடிக்க வேண்டும் போலிருந்தது. மழைக்காற்றில் சாய்ந்து, நீங்கள் வந்துகொண்டிருந்த ஸ்கூட்டர் மேல் விழுந்த கற்பூர மரத்தை அறுத்து ரோட்டோரம் அடுக்கியிருந்தார்கள். நான் போய் ஒரு ஆட்டோ நிறைய விறகு கேட்டேன். "இதைப் போயி எரிக்கப் போறீங்களாக்கா?" என்றான் மரம் அறுத்தவன். "பின்ன என்னடா, கட்டிப்புடிச்சு அழுகச் சொல்றயா?" என்றேன். ஒவ்வொரு கட்டையையும் நானே கோடாலியால் பிளந்தேன். அந்த விறகில் காய்ச்சிய வெந்நீரில்தான் குளித்தேன். உள்ளங்கை காய்த்துப் போனதே தவிர, ஆத்திரம் அடங்கவில்லை.

உங்கள் அறையை மட்டும் தொடவில்லை. காந்தலில் இருக்கிற நம் வீட்டில் வெயில் எட்டிப் பார்க்கிற ஒரே அறை அது. அலமாரியில் நீங்கள் செய்த பொம்மைக் கார்கள் அப்படியே நின்றன. அம்பாசடர், ஜீப், மலைப் பாதை பஸ், எல்லாம் உள்ளங்கை அளவு. நடுவில் முழங்கை நீளத்துக்கு அந்த விண்கலம். நீங்கள் 'கப்பல்' என்பீர்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

பார்க்கிறவர்கள் கடையில் வாங்கியது என்று நினைப்பார்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்! என் பழைய குக்கர் வெயிட், மிக்சி குமிழ், நிவேதாவின் இருமல் மருந்து மூடிகள், நீங்கள் எலக்ட்ரீஷியனாக இருந்த டீ பேக்டரியில் எரிந்துபோன பியூஸ்கள். எல்லாவற்றையும் ஒட்டிச் சாம்பல் பிரைமர் அடித்ததும் அத்தனையும் இரும்பாகிவிட்டது. "உன்ற குக்கர் வெயிட்டு எங்க இருக்குது, கண்டுபுடி பாக்கலாம்" என்று சீண்டுவீர்கள். பனியில் பெயிண்ட் காயாது என்று என் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். எனக்கென்று வாங்கித் தந்த சாமான், என் தலை அதை ஒரு நாளும் கண்டதில்லை.

பிரைமர் அடிப்பதற்கு முன்னால் கடைசியாகக் கப்பலின் அடிவயிற்றில் பித்தளையில் சதுரமாக ஒன்றை ஒட்டினீர்கள். "இதென்னங்க?" என்று கேட்டேன். "கதவு" என்றீர்கள். "எங்க கெடச்சுது?" "பழசு." அன்றைக்கு அதற்கு மேல் நீங்கள் என்னோடு பேசவே இல்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

டூரிஸ்ட் சீசன் தொடங்கும் முன்னால் ஒரு ஞாயிறு மதியம் உங்கள் அண்ணன் குன்னூரிலிருந்து வந்தார். கையில் காலிச் சாக்கு, வாயில் பிராந்தி நாற்றம்.

"அம்மிணி, அந்த ரூமைக் காலி பண்ணிப்போடலாம். சீசனுக்கு ஆளு வுடலாமுங்கறேன்" என்றார்.

"அது அவரு ரூமுங்க மாமா" என்றேன்.

"அவந்தான் இல்லியே."

இப்படித்தான், காய்கறி தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. நேராக உள்ளே போய் அலமாரியில் கையை விட்டு வழித்தார். ஜீப்பும் பஸ்ஸும் சாக்குக்குள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் சாக்கைப் பிடித்து இழுத்தேன். அவர் தள்ளியதில் என் மண்டை கதவுநிலையில் மோதியது. "பொம்மைக்கு ஒரு ரூமா? சின்னதுலருந்தே இப்படித்தா. நாங் கெடந்து அடி வாங்குவேன், இவன் மூலைல குந்தி பொம்மை செய்வான்!" என்று கத்திக்கொண்டே கப்பலை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் அடித்தார்.

எத்தனை வருஷத்து வேலை! சிதறிப் போயிற்று.

கத்தி எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியாது. சட்டையைப் பிடித்தேன். சாக்குத் தடுக்கி மல்லாக்க விழுந்தார். நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தில் வைத்து அழுத்தினேன். "அம்மா, உட்டுரும்மா, உட்டுரும்மா!" என்று நிவேதா வாசலில் நின்று அலறினாள். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அறுத்திருப்பேன். நீங்கள் போனதற்கு யார் ரத்தமாவது வேண்டும் போலிருந்தது, அந்த மரத்துக்கு ரத்தம் இல்லையே.

ஆனால் அவர் கத்தியைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உங்கள் 'கதவு' கழன்று, புரண்டு கிடந்தது. நீங்கள் கவிழ்த்து ஒட்டியிருந்த பக்கம் இப்போது மேலே தெரிந்தது. பித்தளையில் ஒரு சிங்க மூஞ்சி.

"அம்மிணி..." என்றார். போதை எங்கே போனதென்றே தெரியவில்லை. "அது எங்கப்பன்ற பெல்ட்டு பக்கிளு."

நான் எழுந்துவிட்டேன். அவர் உட்கார்ந்து, திரும்பி, சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது தோளுக்குக் கீழே அதே சிங்கம், பிடரியும் காதுமாகத் தழும்பில் பதிந்து கிடந்தது. இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன், அந்த முதுகை நான் பார்த்ததில்லை. அப்பா கொஞ்சம் கோபக்காரர் என்றுதானே என்னிடம் சொல்லி வைத்தீர்கள்?

கப்பல் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்தான் மிச்சத்தைச் சொன்னார். "ரெண்டு பேரையுந்தா அடிப்பாரு. ஒரு நா பெல்ட்டைக் காணோம். நாந்தா ஒளிச்சு வெச்சேன்னு வெறகுக் கட்டைல போட்டுத் தொவச்சு எடுத்தாரு. இந்த வெரலு அன்னைக்கு ஒடஞ்சதுதா. நா எடுக்கலீங்கப்பா, எடுக்கலீங்கப்பான்னு கத்துனேன். உன்ற ஊட்டுக்காரன் கட்டலுக்கு அடியில படுத்துப் பாத்துட்டே இருந்தான்."

ஏன் வாயைத் திறக்கவில்லை? அப்போது சின்னப் பையன், பயம், சரி. வளர்ந்த பிறகு? நம் கல்யாணப் பந்தியில் அந்த வளைந்த விரலோடு சாம்பார் வாளி தூக்கினாரே, அன்றைக்காவது? மூஞ்சியைக் கவிழ்த்து ஒட்டி, மேலே சாம்பல் அடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா? நீங்கள் மட்டும் அந்த நேரம் அங்கே இருந்திருந்தால் உங்களையும் ரெண்டு சாத்தியிருப்பேன்.

"சுத்தியலு இருக்குதா?" என்று கேட்டார் உங்கள் அண்ணன். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் பக்கிளை வைத்தார். ஓங்கி ஓங்கி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் உங்கள் அப்பாவுக்கு ஒரு வசவு, அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கியதும் சுத்தியலை என்னிடம் நீட்டினார். நான் அந்த மரத்தை நினைத்துக்கொண்டு அடித்தேன். நிவேதாவும் வாங்கி அடித்தாள். அவள் யாரை நினைத்தாளோ, நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டி, "ஏனுங்க, என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, ஒரு ஆளை அடக்கம் பண்றோம்" என்றார் உங்கள் அண்ணன். சிங்கத்துக்கு மூக்கு போனது, அப்புறம் கண் போனது.

மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன், அவ்வளவுதான். பக்கிளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு குடிக்காமல் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். கப்பலை ஒட்டுகிறோம். துண்டு மாற்றி எடுத்தால் திட்டுகிறேன், அவரும் பதிலுக்குத் திட்டுகிறார். பசை காய்கிற வரை இரண்டு துண்டை அழுத்திப் பிடிக்க அந்த வளைந்த விரல் கிளிப் மாதிரி உதவுகிறது. அறையை வாடகைக்கு விடுகிற பேச்சு அப்புறம் வரவே இல்லை.

இன்றைக்குப் பக்கிளை எடுத்து என் முன்னால் வைத்தார். "அடியில ஓட்டை இருக்குதல்ல, அங்கயே வெச்சிரு. மூஞ்சி வெளிய இருக்கட்டும். பெயிண்டு மட்டும் அடிச்சிராத" என்றார். பசை தடவிக் கொடுத்தேன். விரலால் அழுத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அம்மிணி, அவன் அதை எனக்கோசரம் எடுத்தானா, அவனுக்கோசரம் எடுத்தானா?"

உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்கிறார். நான் என்ன செய்ய?

"உங்களுக்கோசரந்தாங்க மாமா. எங்கிட்டச் சொல்லியிருக்காரு" என்றேன்.

பசை எப்போதோ பிடித்துவிட்டது. அவர் விரலை எடுக்கவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "டீ இருக்குதா?" என்று அடுப்படிக்கு எழுந்து போனார்.

கப்பலை முடித்துவிடுவேன், நம்புங்கள். உங்கள் அறையும் அப்படியே இருக்கும். ஆனால் ஒன்று சொல்லி வைக்கிறேன். நான் அங்கே வந்ததும் முதல் கேள்வி இதுதான்: நான் சொன்னது நிஜமா? நிஜமென்றால் காலைப் பிடித்துவிடுகிறேன். இல்லையென்றால், சுத்தியலை இன்னும் கொல்லையில்தான் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்து வருவேன்.

உங்களுக்காக உங்கள் அண்ணனிடம் பொய் சொன்ன,
உங்கள் ஊட்டுக்காரி
மல்லிகா