பழைய கார்டு முடிவதற்குள்

2 நவ., ஞாயிறு

காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அஜ்மானில் குளிர் வர இன்னும் ஒரு மாதம் ஆகும், ஆனாலும் நேற்று ஏசி இல்லாமல் தூங்க முடிந்தது.

செய்ய வேண்டியவை: ஏசி ஃபில்டர் கழுவ. வர்ஷாவுக்கு சார்ட் பேப்பர். ஈரல் அரைக் கிலோ (மாலதி தொடமாட்டாள், இருந்தாலும்). இன்ஷூரன்சுக்கு மறுபடி போன்.

மாலதிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பதினெட்டு நாள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரி தயார், டாக்டர் தயார், இவளும் தயார். இன்ஷூரன்ஸ் அப்ரூவல் மட்டும் வரவில்லை. போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள். பிறகு ஒரு பெண் வந்து "அண்டர் ரிவ்யூ சார்" என்கிறாள். யார் ரிவ்யூ செய்கிறார்கள் என்று கேட்டேன். மறுபடி பாட்டு.

மாலதி துணி மடிக்க உட்கார்ந்தவள் பாதியில் சுவரில் சாய்ந்துவிட்டாள். மீதியை நான் மடித்தேன். மடித்த லட்சணம் சரியில்லை என்று அந்த நிலையிலும் திட்டினாள். திட்டினால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

3 நவ., திங்கள்

டிராஃபிக். வீட்டிலிருந்து துபாய் ஆபீசுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

இன்றும் அமெரிக்க மேலவை உறுப்பினருக்குத்தான் குரல். ஒரு மாதமாக அங்கே அரசாங்கத்துக்கே பூட்டு. பட்ஜெட்டுக்கு ஓட்டு விழவில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் பூட்டைத் திறக்க ஓட்டுப் போடுவேன் என்று இவர் நிற்கிறார். தினம் ஒரு பேச்சு. எங்கள் இணையச் செய்தி கம்பெனியில் வெளிநாட்டுத் தலைவர் யார் பேசினாலும் தமிழில் எழுதிப் பேசுவது என் வேலை. ஆகவே அவருடைய நெஞ்சில் கை வைக்கும் இடம், தொண்டை அடைக்கும் இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் வாங்கும் சம்பளத்துக்கு இவ்வளவு உருக்கம் அதிகம்.

இன்றைய வசனம்: "ஒரே ஒரு குடும்பத்துக்கு மருந்து நின்றுபோகும் என்றாலும், அந்தத் தாளில் என் கை படாது." மூன்று டேக். கடைசியில் எனக்கே கண் கலங்கிற்று. வெட்கம்.

மாலதிக்கு அனுப்பினேன். "உங்க குரல்ல கேட்டா அந்தாளு நல்லவன் மாதிரி இருக்கான்" என்று பதில். வர்ஷா: "அப்பா, யூ சவுண்ட் ஸோ சின்சியர்."

சாயங்காலம் எச்.ஆரிலிருந்து ஒரு மெயில். பதினைந்தாம் தேதியோடு எல்லோருடைய மருத்துவக் கார்டும் முடிகிறது. புதுக் கார்டு மலிவு ரகம். கிளினிக் பட்டியல் பாதியாகிறது, மருந்துப் பட்டியல் அதைவிடச் சுருக்கம். பழைய கார்டு எங்கள் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதால், மாற்றுவதற்கு ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டுமாம். படிவம் இணைப்பில்.

அப்ரூவல் அதற்குள் வராவிட்டால்? கணக்குப் போட மனம் வரவில்லை.

4 நவ., செவ்வாய்

மதியம் பேன்ட்ரியில் பதினொரு பேரும் கூடினோம். உட்கார இடமில்லை. ஆளுக்கொரு பயம். 

டிரைவர் கருப்பசாமி கேட்டான். அருப்புக்கோட்டைக்காரன். ஷூட்டிங்குக்கு வண்டியும் ஓட்டுவான், டிரைபாடும் தூக்குவான். "அண்ணே, எனக்கு இன்சுலின் சத்வா கிளினிக்ல இந்தக் கார்டுலதான் வாங்குறேன். புதுசுல அந்தக் கிளினிக்கு இருக்கா?"

இல்லை. நேற்றே பார்த்துவிட்டேன். கிளினிக்கும் இல்லை, அவன் போடும் இன்சுலினும் இல்லை. சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று பேசிவிட்டேன். "நம்மில் ஒரே ஒருத்தருக்கு மருந்து நின்றுபோகும் என்றாலும், அந்தத் தாளில் என் கை படாது."

அப்படியே அவர் வசனம். இடைவெளி உட்பட. நெஞ்சில் கையும் வைத்தேன் என்று நினைக்கிறேன்.

கை தட்டினார்கள். இருபத்தி இரண்டு வருட துபாய் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல். பதினொரு பேரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு. எல்லோரும் சேர்ந்து நின்றால் பழைய கார்டையே புதுப்பித்தாக வேண்டும், வேறு வழியில்லை கம்பெனிக்கு. கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. எழுதினேன். நன்றாகவே வந்தது.

வீடு வரும்போது விசிலடித்தேன். மாலதி ஏறிட்டுப் பார்த்தாள்.

5 நவ., புதன்

மாலதி கடையில் மயங்கி விழுந்துவிட்டாள். பால் பாக்கெட் எடுக்கக் குனிந்திருக்கிறாள். வர்ஷா கூட இருந்ததால் எனக்குப் போன். எமர்ஜென்சியில் ரத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இன்னும் எத்தனை நாள் தள்ளுவீர்கள்?" என்று கேட்டார். என்னைக் கேட்டார்! நான்தான் தள்ளுகிறேன் போல.

இரும்புச் சத்து ஊசி ஏற்றி அனுப்பினார்கள்.  வீட்டு வாசலில் மாலதி, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வர்ஷாவ ஊருக்கு அனுப்பிராதீங்க, இங்கயே படிக்கட்டும்" என்றாள். கோபம் வந்துவிட்டது. கத்தினேன். பிறகு பாத்ரூமில் போய் உட்கார்ந்தேன்.

6 நவ., வியாழன்

குரல்: அதே உறுப்பினர். இன்னும் உறுதியாக இருக்கிறார். அவருக்கென்ன. அவர் வீட்டில் யாருக்கும் அப்ரூவல் பெண்டிங் இருக்காது.

ஷூட்டிங்குக்காக கருப்பசாமியோடு பர் துபாய். வழியெல்லாம் பேச்சு. "நீங்க அன்னைக்குப் பேசுனத நம்ம ரூம்ல எல்லார்கிட்டயும் சொன்னேண்ணே. எங்க ரூம் பயலுகளுக்கு நம்பிக்கையே இல்ல, கம்பெனிய எதுத்து எவன் நிப்பான்னானுக. எங்க அண்ணன் நிப்பாருன்னேன்."

இறங்கும்போது எரிச்சலாக வந்தது. இவனை யார் என்னை நம்பச் சொன்னது?

இன்ஷூரன்ஸ்: அண்டர் ரிவ்யூ.

7 நவ., வெள்ளி

அரை நாள் டூட்டி. பதினொரு மணிக்கு எச்.ஆர். ரேணுகா மேடம் கூப்பிட்டார். கோயம்புத்தூர். எப்போதும் சிரித்த முகம். பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"மிஸஸ் எப்படி இருக்காங்க? கடையில மயங்கிட்டாங்களாமா. கேட்டதும் மனசே சரியில்லைங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"அந்த இன்ஷூரன்ஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காருங்க. நான் ஒரு போன் போட்டேன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்ரூவல் வந்துரும். பழைய கார்டுலயே ஆபரேஷன் முடிச்சுக்கலாம். பதினஞ்சு தாண்டுச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்லைங்க." பிறகு அதே சிரிப்போடு டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்தார். "நீங்க போட்டா மத்தவங்க தன்னால போட்டுருவாங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

மொத்தம் இரண்டு பக்கம். பின்னிணைப்பில் மருந்துப் பட்டியல் எட்டுப் பக்கம். எல்லாவற்றையும் படித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

போட்டேன்.

யோசிக்கிறேன் என்று எழுந்து வந்திருக்கலாம். இந்த ஒரு போனை முதலிலேயே ஏன் போடவில்லை என்று மேஜையைத் தட்டிக் கேட்டிருக்கலாம். மற்ற பத்துப் பேரிடமும் போய், என் நிலைமை இது, மன்னியுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பேரீச்சம்பழம் ஒன்று எடுத்துக்கொண்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

9 நவ., ஞாயிறு

அப்ரூவல் வந்துவிட்டது. காலை 9.40. குறுஞ்செய்தி. மூன்று வாரம் நகராதது ஒரு போனில். புதன்கிழமை ஆபரேஷன்.

மாலதி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பர் துபாய்க் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாளாம். "பாத்தீங்களா, நான் வேண்டுனது வீண் போகல." ஆமாம் என்றேன். சாமி பெயரில் பழி போட்டால் சாமி ஒன்றும் கேட்காது.

ஈரல் வறுவல். மூன்று துண்டு சாப்பிட்டாள்.

10 நவ., திங்கள்

ஆபீசுக்குள் நுழையும்போதே டெஸ்க்கில் பரபரப்பு. உறுப்பினர் மறுபக்கம் போய்விட்டார். மானியத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பிறகு ஒரு நாள் அதற்கு ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்குறுதி மட்டும். அரசாங்கப் பூட்டைத் திறக்க ஓட்டுப் போட்டுவிட்டார்.

எல்லோரும் திட்டினார்கள். "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்" என்றார் எடிட்டர். நானும் தலையாட்டினேன். கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்.

அவருடைய விளக்கத்துக்குக் குரல் கொடுக்க வேண்டியவன் நான்தான். "நான் தோற்கவில்லை. வீட்டில் ஒருவர் துடிக்கும்போது கொள்கையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் இடத்தில் இருந்தால் நீங்களும் இதையே செய்திருப்பீர்கள்." அவர் ஆங்கிலத்தில் 'வீட்டில்' என்று சொல்லவே இல்லை. நாட்டில் என்றுதான் சொன்னார். வாய் தவறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. முதல் முறையாக ஒரே டேக்கில் ஓகே.

மத்தியானம் ரேணுகா மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் படிவம் மேஜையில் மேலாகவே கிடந்ததாம். நாலு மணிக்குள் பத்துப் பேரும் போட்டாகிவிட்டது. யாரும் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. பேன்ட்ரிக்குள் நான் போனதும் இரண்டு பேர் டீயை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவ்வளவுதான்.

11 நவ., செவ்வாய்

லீவு எழுதிக் கொடுத்தேன், மூன்று நாள். பார்க்கிங்கில் கருப்பசாமி நின்றான். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

"மதினிக்கு நாளைக்கு ஆபரேசனாமே, சொல்லவே இல்ல? காலைல நான் வண்டி எடுத்துட்டு வாரேன். நீங்க டென்சன்ல ஓட்டாதீங்க."

வேண்டாம் என்றேன். கேட்டால்தானே. பிறகு அவனாகவே சொன்னான்: "அந்தப் பாரத்துல நானும் போட்டுட்டேண்ணே. மொதல்ல மாட்டேன்னுட்டேன். அந்தம்மா உங்க கையெழுத்தக் காமிச்சாங்க. அண்ணன் படிச்சுப் பாக்காம போடமாட்டாரு, நமக்கும் ஏதோ வழி பண்ணித்தான் போட்டிருப்பாருன்னு போட்டுட்டேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் போன் அடித்தது, "யல்லா பாய், ஆ ரஹா ஹூம்" என்று இந்தியில் வருவதாகச் சொல்லியபடி ஓடிவிட்டான். போன் அடித்திராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

12 நவ., புதன்

காலை 5.30க்கே கருப்பசாமி வண்டியோடு வந்து நின்றான். ஆபரேஷன் இரண்டரை மணி நேரம். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மாலதி நலம். கண் விழித்ததும் கேட்டது: "வர்ஷாவுக்கு டிபன்ல என்ன குடுத்தீங்க?"

அழுதேன். சந்தோஷம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று நர்ஸிடம் சொன்னேன். மறுபடி இதே நிலைமை வந்தாலும் கையெழுத்துப் போடுவேன். அதுதான் அசிங்கம்.

17 நவ., திங்கள்

தையல் காட்ட ஆஸ்பத்திரி. வெயில் இதம். மாலதி மெதுவாக நடக்கிறாள், முகத்தில் கொஞ்சம் நிறம். கருப்பசாமிதான் ஓட்டினான்.

திரும்பும் வழியில் ஒரு பார்மசி முன்னால் வண்டியை நிறுத்தினான். "ரெண்டு நிமிசம் மதினி." கண்ணாடி வழியாகத் தெரிந்தது. புதுக் கார்டை நீட்டினான். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கார்டைத் திருப்பிக் கொடுத்தார். இவன் விலை கேட்டான், பர்சைப் பிரித்தான், மூடினான். வெறுங்கையோடு வந்தான்.

"என்னாச்சுப்பா?" என்றாள் மாலதி.

"ஒண்ணுமில்ல மதினி. ஸ்டாக் மாஃபி, இல்லையாம்." வண்டியைக் கிளப்பினான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை.

"அண்ணே, என் இன்சுலினு நீங்க அன்னைக்குச் சொன்ன மாதிரியே புதுக் கார்டுல வராதுங்குறாரு. நீங்கதான் அந்தப் பாரத்த முழுசாப் படிச்சீங்களே. வேற எங்க வாங்கணும்னு அதுல போட்டிருக்கும்ல?"

"இருக்கும்" என்றேன். "பார்த்துச் சொல்றேன்."