அருவிக்கு முன்னால் மண் தேடினேன்

என் உயிர்த் தம்பி நஸீர்,

கேட்டால் நீ சிரிப்பாய். நேற்று உன் அண்ணன், உன் காக்கா, மலை ஏறினான். பள்ளிவாசல் படி மூன்றுக்கே மூச்சிரைக்கிறவன், பதுளைப் பக்கத்துக் காட்டுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தேன். யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும், நம் ஊர் கல்முனையே வேன் பிடித்து நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறது. உன் மகள் ஹஸ்னா என்னை விடவில்லை.

"வாப்பா கூட்டிப் போறன் எண்டு சென்னவராம். நீங்களாவது வாங்க, பெரியவாப்பா."

உன் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய?

வழியெல்லாம் அட்டைக்கடி. காலில் சவர்க்காரம் பூசியும் பலனில்லை. காடு முடிந்ததும் கரும்பாறை. இந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்குள் நெருப்பில் வெந்ததாம். ஹஸ்னா பாடம் எடுத்தாள். வாய் அப்படியே உன்னுடையதுதான்.

பிறகு அருவியின் இரைச்சல் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. சுனாமிக்குப் பிறகு நான் கடற்கரைப் பக்கமே போனதில்லை, உனக்குத் தெரியுமா?

நண்பகல் லுஹர் தொழுகைக்கு எல்லோரும் ஓடையில் இறங்கி, கை கால் முகம் கழுவி வுழு எடுத்தார்கள். நான் மட்டும் ஒதுங்கிப் போய், மண்ணில் கை தட்டி முகத்தில் தடவினேன். ஹஸ்னா பார்த்துவிட்டாள்.

"இவ்வளவு தண்ணி இரிக்கக்குள்ள தயம்மும் கூடாதே? தண்ணி இல்லாட்டித்தானே மண்ணு?"

பிள்ளை சரியாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

சுனாமி அன்று உன் உடலைக் கண்டெடுத்தது நான்தான். கிணறெல்லாம் சேறு. ஆனால் கடல் பக்கத்திலேயே கிடந்தது. கடல்நீரில் இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டலாம் என்று எனக்குத் தெரியும். வாளியும் கையில் இருந்தது. இறங்கப் பயந்தேன், தம்பி. தண்ணீர் இல்லை என்று எனக்கு நானே சொல்லி, உன் முகத்திலும் கைகளிலும் மண்ணைத் தடவி அடக்கினேன். உன் மனைவியிடம், குளிப்பாட்டித்தான் அடக்கினோம் என்றேன். இத்தனை வருடமும் அந்தப் பொய்தான் அவளுக்கு ஆறுதல்.

ஹஸ்னா மண் படிந்த என் கையைப் பார்த்தாள்.

"வாப்பாட முகத்தில கடைசியா கை வெச்சது நீங்களா?"

"ஓம், மகள்."

"உம்மாட்ட நீங்களே செல்லுங்க. நான் செல்லமாட்டன்."

எழுந்து என் கையைப் பிடித்தாள். ஓடையில் இறங்கினோம். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் வாய்விட்டு அழுதேன். கரையிலிருந்து நாலு எட்டுத்தான். அன்றும் அவ்வளவுதானே தேவைப்பட்டது?

நாளை விடியலில் சுபஹ் தொழுததும் உன் வீட்டுக்குப் போவேன். உன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இனி என்னோடு கதைக்காமலே போகலாம். முழுவதையும் சொல்லாமல் அந்த வாசலை விட்டு வரமாட்டேன்.

உன்னைக் குளிப்பாட்டாமல் அனுப்பிய
உன் காக்கா