அப்பாவின் சிவந்த வாய்

புளியங்குளம்.

அன்பு மகள் சாரங்காவுக்கு,

நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சளி, தடிமன் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவும் இப்போது சுகம், ஆனால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சிரிப்பேன், கதை சரிவராது, அதனால் எழுதுகிறேன், மறைத்ததற்குக் கோபிக்காதே.

போன கிழமை வயலுக்கு வெளிக்கிட்டவர் முற்றத்தில் அப்படியே சரிந்து இருந்துவிட்டார். வலது கை தொங்குகிறது, வாய் கோணிவிட்டது, இஞ்சேருங்கோ என்னப்பா செய்யுது என்றால் பேச்சில்லை. பாரிசவாதம்தான். நல்லகாலம், அம்புலன்ஸ் சுறுக்காக வந்தது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் பண்ணிவிட்டு, மூளையில இரத்தம் கட்டிப்பட்டு அடைச்சிருக்கு, கரைக்கிற ஊசி போடவேணும் அம்மா என்றார் டொக்டர். அந்த மருந்துக்குக் கட்டியை மட்டும் கரைக்கத் தெரியாதாம், வேறெங்கும் இரத்தம் கசிந்தாலும் உறைய விடாதாம். பல் முரசில் கசிந்தால் சமாளிக்கலாம், தலைக்குள் கசிந்தால் ஆளுக்கே ஆபத்தாம். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஓம் என்று தலையை ஆட்டினேன்.

ஊசி ஏறியது. பல் தீட்டக்கூடாது, சவரம் கூடாது, சொல்லும்வரை வாயில் தண்ணீரும் வைக்கக்கூடாது என்று கட்டளை. பிரஷர் பார்க்கும் பட்டி இறுக்கின இடம்கூட நாவற்பழம் மாதிரிக் கறுத்துக் கண்டிப்போனது. நான் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, பக்கத்து வயல் சிற்றம்பலம் அண்ணை வந்திருக்கிறார், எனக்குப் பிறகுதான் தெரியும். வாய் கோணினதுக்கு வெத்திலைதான் மருந்து, சப்பச் சப்ப நேராகும் என்று ஒரு வாய் மடித்துத் திணித்துவிட்டு, புண்ணியம் செய்த முகத்தோடு போய்விட்டார். நான் வந்து பார்த்தால் நாடி, கழுத்து, தலையணை எல்லாம் ஒரே சிவப்பு! ஐயோ முரசு உடைஞ்சிட்டுது, என்ரை மனிசன் போகப்போறார் என்று நான் குளறின குளறலில் வாசல் காவலாளியும் ஓடிவந்துவிட்டார். நேர்ஸ்மார் அப்பாவைத் திரும்ப ஸ்கானுக்குத் தள்ளிக்கொண்டு ஓட, நானும் கூடவே ஓடினேன், ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. மகள், அந்த ஓட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான், இந்த மனிசன் என்னோடு இன்னொருக்கால் கதைக்கவேண்டும், பேசினாலும் ஏசினாலும் பரவாயில்லை.

ஸ்கானில் தலைக்குள் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. வார்டுக்குத் திரும்பினதும் டொக்டர் கையுறை போட்டு வாயைத் துழாவ, வந்தது பாக்குத் துண்டு. மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, தொண்டையில சிக்கியிருந்தா என்ன செய்திருப்பியள் என்று என்னைப் பிடித்துக் கிழித்தார். டொக்டரின் கையை ஒதுக்கிவிட்டு உன் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். அடுத்த கட்டில்காரர்கூட எழும்பி இருந்து பார்க்கிறார். குழறலாக, ஆனால் எல்லாருக்கும் விளங்க, வெத்திலைக்குச் சுண்ணாம்பு காணாது என்றார்.

டொக்டர் சிரித்துவிட்டார். நான் அழுதேன். இப்போது கை எழும்புகிறது, நடை கொஞ்சம் இழுவை, வெற்றிலைக்கும் சிற்றம்பலம் அண்ணைக்கும் வீட்டில் தடை. நீயும் பிரஷரைப் பார்த்துக்கொள், யாருக்காவது வாய் கோணினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நெடுநாள் வாழவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது, முதலில் என்ன சொன்னீங்கள் அப்பா என்று கேள். உன்ரை அம்மாவின்ரை பேரைத்தான் என்பார். பச்சைப் பொய். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு, நானும் பக்கத்தில் இருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா கமலேஸ்வரி