மேல்பாதிக்கு வேண்டாத தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் வயலில் கரும்பின் காய்ந்த இலைச் சோகையைக் காலால் ஒதுக்கினேன், அடியில் ஒரு மண்புழு நெளிந்தது. தண்ணீர் பாய்ச்சி ஆறு நாள் ஆகியும் அங்கே மண் ஈரமாக இருக்கிறது. அப்பா கட்டிலில் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார், அதற்குள் இதை எழுதிவிட்டேன். இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். அப்பாவுக்குக் கணுக்கால் சுளுக்கி இன்றோடு பத்து நாள், வழுக்கியது குளியலறையில், ஆனால் யார் கேட்டாலும் வரப்பில் என்று சொல்ல வேண்டுமாம். படுத்தபடியே மோட்டாரைப் போடு, வால்வைத் திற என்று வாய் ஓயவில்லை, அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைத்தால்தான் அடங்குகிறார். ஆபீசில் பெரியவர் திட்டினால் எதிர்த்துப் பேசாதே, சின்னவளைப் பார் (என்னைத்தான்), வாயைத் திறக்கிறாளா என்கிறார். போன வெட்டு முடிந்து சோகையைக் கொளுத்தும்போது காற்று திரும்பிவிட்டது, அதனால் கீழ்ப்பாதி மட்டும் எரிந்தது, மேல்பாதியில் சோகை மெத்தை மாதிரி அப்படியே கிடக்கிறது. இப்போது மேல்பாதி பச்சைப்பசேல், கீழ்ப்பாதி மஞ்சளடித்துவிட்டது. பயிருக்குப் பசி என்று அடுத்த வாரம் நான்கு மூட்டை யூரியா வரச் சொல்லிவிட்டார், பெரிய மோட்டாரும் மாட்ட வேண்டுமாம்.

அப்பா குறட்டை விடுகிறார், இது என் சொந்தச் சரக்கு. அது பசி இல்லை அக்கா, தாகம். தண்ணீர் பாய்ச்ச நம் முறை வாரத்தில் ஒரு நாள், அன்றும் கரண்ட் மூன்று மணி நேரம்தான் வருகிறது. அவர் சொல்கிறபடி மேல்பாதிக்கு முதலில் திறக்கிறேன், சோகை மூடி ஏற்கெனவே ஈரமாக இருக்கிற மண்ணே அவ்வளவையும் குடித்துவிடுகிறது, கீழே நனைவதற்குள் மோட்டார் நின்றுவிடுகிறது. அந்தக் காய்ந்த மண்ணில் யூரியாவைப் போட்டால் காற்றோடுதான் போகும். முதலில் கீழே பாய்ச்சினால் இருக்கிற மோட்டாரே போதும். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீ சொன்னால் கேட்பார். இப்படியே விட்டால் கீழ்ப்பாதி காய்ந்துவிடும்.

எழுந்துவிட்டார். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்புதான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார். கண்ணாடியை மாற்ற மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையெழுத்து மட்டும் சின்னவளுடையது)

உறையை ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வாசி என்றார் அப்பா. என் பத்தியைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், தாண்டவில்லை. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். சோகைக்கு அடியில் எத்தனை விரல் ஆழத்துக்கு ஈரம் இருக்கு என்று கேட்டார். இரண்டு என்றேன். கரண்ட் வந்து எவ்வளவு நேரமாச்சு, இன்னும் உட்கார்ந்து கதை எழுதிட்டிருக்கியா என்றார். போய் மேல்பாதி வால்வை மூடிவிட்டு, கீழ்ப்பாதியைத் திறந்துவிட்டேன்.