முதலில் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

பாதுகாப்பு உடைகளைச் சரிபார்த்தேன். பதினொன்றில் மூன்று கிழிசல். புதிது கேட்டால் மட்டும் அலுவலகத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை. வீட்டில் மகள் என் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, "உன்னைக் கட்டிப்பிடிச்சா கக்கூஸ் கழுவின மாதிரியே இருக்கும்மா" என்றாள். கொழுப்பு. ஆனாலும் கட்டிப்பிடித்தாள்.

மார்ச் 6

முலாம் பூசும் பட்டறை. அமிலப் பீப்பாய்கள் மூன்று கவிழ்ந்து தெரு வரைக்கும் மஞ்சள் புகை. உள்ளே ஒரு பெண் கிடக்கிறாள் என்று தகவல். பட்டறைக்காரன், அவளுடைய புருஷன், வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உருண்டு புரண்டான். காப்பாற்ற ஓடி வந்தானாம், வாசலிலேயே வழுக்கி அமிலத்தில் விழுந்துவிட்டானாம்.

ரசாயன விபத்து மீட்புக் குழுவான எங்கள் வேலையில் முதல் விதி, உயிரோடு இருப்பவருக்கு முதலில் தண்ணீர். தடயம், புகைப்படம் எல்லாம் அப்புறம்தான். "அண்ணே, பயப்படாதீங்க, கண்ணைத் திறந்து வைங்க" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குழாய்க்காரர் (எல்லோருக்கும் அவர் குழாய் அண்ணன்) கால் மணி நேரம் தண்ணீர் அடித்தார். நானே அவன் சட்டையைக் கத்தரித்துக் கழற்றி, மஞ்சள் பையில் கட்டி, 'நச்சுக் கழிவு' என்று சீட்டெழுதிக் கையெழுத்துப் போட்டேன். கழிவு மறுநாளே எரியுலைக்குப் போய்விடும். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவன் என் கையை விடவில்லை. "நீங்க நல்லா இருக்கணும்மா."

பிறகு உள்ளே போனேன். அவள் குப்புறக் கிடந்தாள். முகம் அமிலத்துக்குள். முதுகுத் துணியும் தோலும் எது எதுவென்று தெரியாமல் ஒட்டிப்போயிருந்தன. ஒரு கை மட்டும் படி மேல், நனையாமல். நகத்தில் புதுச் சிவப்புச் சாயம்.

மார்ச் 8

பிணப் பரிசோதனை. "நுரையீரல்ல புகையே இல்ல. பீப்பாய் கவிழறதுக்கு முன்னாடியே செத்துட்டா" என்றார் டாக்டர். மண்டையில் ஒன்பது அடி, இரும்புக் கம்பியால். கடைசி நான்கு, உயிர் போன பிறகு. அமிலம் எல்லாவற்றையும் மறைப்பதற்காக.

"அடிச்சவன் மேல ரத்தம் தெறிக்காம இருக்காது மேடம். சட்டை கிடைச்சா போதும்."

சட்டை.

அதே நாள், சாயங்காலம்

உலைக்கு போன் செய்தேன். நேற்றுக் காலையே எரித்துவிட்டார்களாம்.

நாந்தான் கத்தரிச்சேன். நாந்தான் கட்டினேன். நாந்தான் கையெழுத்து போட்டேன். பழுப்பா என்னமோ இருந்துச்சே — அமிலக் கறைன்னு நினைச்சேனே! ஒன்பது அடி அடிச்ச கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், அண்ணேன்னு கூப்பிட்டிருக்கேன். பாவி.

மார்ச் 11

இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கிக் குத்தினார். "கொலைகாரனைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கீங்க." கம்பி அமிலத்தில் ஊறிக் கிடந்ததால் கைரேகையும் இல்லை. அவனைக் கழுவிய தண்ணீர் கழிவுநீர்த் தொட்டியில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே போய் வந்த நாங்கள் எல்லோரும் அதே தொட்டியில்தான் பூட்ஸ் கழுவினோம். அதில் அவள் ரத்தம் இருந்தால் என் காலில் ஒட்டி வந்தது என்று வக்கீல் சொல்வான். பொய்யும் இல்லை.

குழாய் அண்ணன் பின்னாலேயே வந்தார். "அவன் நல்லவனா இருந்து கண்ணு போயிருந்தா? நாம செஞ்சது சரிதாம்மா." அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 19

அவனை விட்டுவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் இறந்தவளின் அம்மா என்னை அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது. "நீதானேடி அவனைக் கழுவிவிட்டே!" தடுக்க வந்த போலீஸ்காரரை நான்தான் தள்ளிவிட்டேன். இன்னும் நாலு அடித்திருக்கலாம்.

மகள் கன்னத்துக்கு ஐஸ் வைத்தாள். கதவு இடித்துவிட்டது என்றேன். நம்பவில்லை.

ஏப்ரல் 2

இனிமேல் சட்டை முதலில்.

மே 23

ரசாயனக் கிடங்கு. உள்ளே காவலாளி, கழுத்தறுபட்டு. காஸ்டிக் சோடாத் தொட்டி உடைந்து தரையெல்லாம் ஓடுகிறது. ஒரு ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறியபடி வெளியே ஓடி வந்தான். குழாய் அண்ணன் குழாயைத் தூக்கினார்.

"தண்ணி விடாதீங்க!" என்று கத்தினேன்.

புகைப்படம். கத்தரி. காகிதப் பை. எண். அவன் கையை உதறினான், உதைத்தான். இரண்டு பேரை விட்டு அமுக்கிப் பிடித்துச் சட்டையைக் கழற்றினேன். "எரியுதும்மா, கண்ணு எரியுதும்மா." இந்த அழுகையை ஏற்கெனவே கேட்டவள் நான், இன்னொரு தடவை ஏமாற மாட்டேன் என்று இருந்தேன். குழாய் அண்ணன் என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். சேற்றில் விழுந்தேன்.

ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

மே 26

சட்டையில் ரத்தம் இல்லை. ஒரு துளி இல்லை. அவர் சுமை தூக்குகிறவர். காவலாளியின் அலறல் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர். அறுத்தவன் நேற்று வேறு ஊரில் பிடிபட்டான்.

மே 28

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. பிரித்தாலும் இனி பார்வை வராது என்றாள் நர்ஸ். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆள் வந்தது தெரிந்து, துழாவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும்மா? அன்னிக்கு எனக்குத் தண்ணி ஊத்தினவங்களா?"

இல்லை என்றேன்.