வண்டியின் வால் திரும்பியது

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில் சங்கதியைக் கேள்: நம் டிரைவிங் ஸ்கூல் கார், உன் பந்தய வண்டி போலவே வால் சறுக்கி டிரிஃப்ட் ஆகிவிட்டது! போனில் சொன்னால் குறுக்கே பேசிச் சிரிப்பாய். அதனால்தான் கடிதம்.

போன முறை நீ என்ன சொன்னாய்? 'முன் சக்கரம் இழுக்கற வண்டியெல்லாம் டிரிஃப்ட் ஆகாதும்மா. நீ ஆக்கிக் காட்டு, அடுத்த மாசமே வீட்டுக்கு வரேன்' என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். இந்த டிரிஃப்ட் பந்தயத்துக்காக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன பிள்ளை, மூன்று வருடம் கழித்து 'வரேன்' என்றால் நான் சும்மா விடுவேனா?

எல்லாம் ஒரு தையல்கார அம்மாவால் தொடங்கியது. ஸ்கூலில் கார் ஓட்டக் கற்கப் புதிதாகச் சேர்ந்தவர். மெஷின் பெடலை மிதித்துப் பழகிய கால். பயந்தால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அமுக்குவார். மழை பெய்த மறுநாள் பயிற்சி மைதானத்து வளைவில் அப்படித்தான் அமுக்கினார். பக்கத்து சீட்டில் இருந்து சொல்லித்தரும் நான், என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். அவரும் காலை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பின்பக்கம் லேசாகி, வால் சர்ரென்று வெளியே போனது! வண்டி நின்றதும் அவர் அலறினார், நான் கைதட்டினேன். இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

அதன்பின் மழை விட்டால் மைதானத்தில் நான்தான். பின்னால் மட்டும் தேய்ந்த டயர்களை மாட்டினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. வளைவில் அடையாளத்துக்கு வைத்த ஏழு கோன்களில் மூன்று காலி. வளைவின் நடுவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பார்த்தேன். வால் நழுவியது, ஆனால் நொடியில் அடங்கிவிட்டது. நழுவல் நீள வேண்டுமென்றால் ஆக்ஸிலரேட்டரை விடாமலே பிரேக்கும் மிதிக்க வேண்டும். என் இடது காலோ பிரேக்கைக் கிளட்ச் என்று நினைத்து உதைக்கிறது! இருபது வருடப் பழக்கம், லேசில் போகுமா?

பக்கத்து பிரேக்குக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. யார் வந்தார் தெரியுமா? உன் அப்பா!

ஆமாம், 'டயரைத் தேய்க்கிறவனுக்கு இந்த வீட்ல இடமில்ல' என்று கத்திய அதே மனிதர். நான் கூப்பிடவே இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தானாக வந்து உட்கார்ந்தார். முதல் நாள் முழுக்கத் திட்டு, 'நீயும் கெட்டுப்போனியா?' என்றார். மூன்றாம் நாள் 'இன்னும் கொஞ்சம் வேகமா வா, நான் பாத்துக்கறேன்' என்கிறார்! நேற்று ஏழு கோன்களையும் தொடாமல், வளைவு முழுக்கச் சறுக்கியே வந்தோம். தையல்கார அம்மா சாட்சி. உன் வண்டி போலப் புகை கிளம்பாது, ஈரத் தரை இல்லாமல் நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் டிரிஃப்ட் டிரிஃப்ட்தான்.

இறங்கியதும் அப்பா, 'இதைத்தான் அவன் தினமும் செய்யறானா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். குனிந்து பின் டயரைத் தடவிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அறையை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறாதே. நூறு வருடம் நன்றாக இருப்பாய். சொன்ன சொல் தவறாதே, கண்ணா. எந்தத் தேதி வருகிறாய் என்பதை மட்டும் எனக்கு எழுதாதே. அப்பாவுக்கு எழுது.

வாசலைப் பார்த்தபடி,
அம்மா