சிவப்புக் காரின் தொட்டியில் இருப்பது சாராயம் அல்ல

அனுப்புநர்:
இன்ஜின் பட்டறை உரிமையாளர்,
பேருந்து நிலையத்துக்குப் பின் தெரு,
டயர் கடைக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காவல் தலைமை அலுவலகம்.

பொருள்: பறிமுதல் வாகன முற்றத்தில் நிற்கும் சிவப்பு நிற, இரண்டு இருக்கைக் காரின் தொட்டியில் இருப்பது குடித்தால் கண்ணும் உயிரும் போகக்கூடிய மெத்தனால் என்பதைத் தெரிவித்து, அதை இன்றே அகற்றவும், அதிலிருந்து ஏற்கெனவே எடுக்கப்பட்ட இரண்டு பாட்டில்களை ஞாயிற்றுக்கிழமைக்குள் மீட்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: மேற்படி காரின் முன் கண்ணாடியில் சோதனைச் சாவடி உதவி ஆய்வாளர் ஒட்டிய பறிமுதல் சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனு சற்று நீளம். முழுவதையும் படிக்க இப்போது நேரமில்லையென்றால், மேலே ‘பொருள்’ என்று எழுதியிருப்பதை மட்டும் படித்து முற்றத்துக்கு ஓர் ஆளை அனுப்பிவிட்டு, மீதியைத் தேநீர் குடித்தபடி நிதானமாகப் படிக்கலாம். எனக்கு நிதானம் இல்லை. எழுத்தில் தப்பும் தவறும் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் பழைய கார்களின் இன்ஜின்களைப் பிரித்துச் சீராக்கி ஓட வைக்கும் தொழில் செய்பவள். மேற்படி கார் என் மாமியாருடையது. “மாமியாரின் கார்” என்று நான் சொன்னதும் தங்கள் நிலைய எழுத்தர் சிரித்தார். சிரிக்கட்டும். என் மாமியார் நீச்சல் பயிற்சியாளராக வேலை பார்த்த காலத்தில், திருமணத்துக்கு முன்பே, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார் அது. கூரை கிடையாது. என் கணவர் சிறுவயதில் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள சாமான் இடுக்கில் சுருண்டு உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாராம். தம் கழுத்துவலிக்கு இன்றைக்கும் அதையே காரணம் சொல்கிறார்.

2. ஆண்டுதோறும் பழைய கார்களுக்கு மலைப்பாதையில் ஓர் ஓட்டம் நடக்கிறது. என் மாமியார் தவறாமல் கலந்துகொள்வார். ஆனால் பெட்ரோலில் பாதி ஏற்றம் போவதற்குள் இன்ஜின் கொதித்து, உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டத் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு அவர் கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தார். கடைசியாக வந்தவருக்கு டயர் வெடித்திருந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது என் மாமியார், “அடுத்த வருஷம் எதக் குடிச்சாவது இது ஏறணும்” என்றார். அதன்பேரில்தான் இன்ஜினை மெத்தனாலுக்கு மாற்றினேன். அது ஆலையில் தயாராகும் திரவம். தண்ணீர் போலவே இருக்கும். வாசனையில் சாராயத்துக்கு உறவு, குணத்தில் விஷம். ஆனால் எரியும்போது இன்ஜினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

பெட்ரோலைப் போல இரண்டு மடங்கு அது செலவாகும். ஆகவே கார்புரேட்டரில் எரிபொருள் பாயும் ஜெட் துளைகளைப் பெரிதாக்கினேன். தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினேன். காலையில் குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் மெத்தனாலில் கிளம்பவே கிளம்பாது. மை நிரப்பியில் இரண்டு சொட்டுப் பெட்ரோல் எடுத்து ஊட்டினால்தான் எழுந்திருக்கும். ஓடத் தொடங்கிவிட்டாலோ, நல்ல வெயிலிலும் காற்றுக்குழாயின் மேல் பனித்துளி பூத்துக் கிடக்கும். அதைத் தொட்டுப் பார்த்த என் மாமியார், வீட்டு ஃபிரிட்ஜை விற்றுவிடலாம் என்றார். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் என்றால் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே இன்ஜின் பசியோடு இருக்கிறதா, அளவுக்கு மீறித் தின்கிறதா என்று சொல்லிவிடலாம். மெத்தனால் அப்படி நிறம் காட்டாது. ஏற்றத்தில் ஓட்டி, சத்தத்தையும் இழுவையையும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். மன்னிக்கவும், பேச்சு இன்ஜின் பக்கம் போனால் எனக்குத் திரும்பி வரத் தெரியாது. காரைச் சாலைக்கு ஏன் எடுத்து வந்தாய் என்று தாங்கள் கேட்பீர்கள் என்பதால் இவ்வளவும் எழுதினேன்.

3. சென்ற சனிக்கிழமை காலை நான் ஓட்ட, என் மாமியார் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மலைப்பாதையில் நான்கு முறை ஏறி இறங்கினோம். ஒருமுறைகூட இன்ஜின் தட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வேகமாகவே இறங்கி வந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாவடியில் உதவி ஆய்வாளர் நிறுத்தி, “என்னம்மா, கார் பூரா சாராய வாசன அடிக்குது?” என்று கேட்டார். என்னைக் கருவியில் ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றுமில்லை. என் மாமியாரையும் ஊதச் சொன்னார். நீச்சல் சொல்லிக் கொடுத்த நுரையீரல், ஐயா. கருவி போதும் போதும் என்று கத்திய பிறகும் ஊதினார். பிறகு கருவியைத் திருப்பி நீட்டி, “நான் ஊதிட்டேன், இப்ப நீங்க ஒரு தடவ ஊதிக் காட்டுங்க” என்றார். அதற்குமேல் எங்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

தொட்டியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். “சாராயம், சுமார் நாற்பது லிட்டர்” என்று சீட்டு எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்திட்டு ஒட்டினார்கள். உதவி ஆய்வாளர் மீது எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. மூக்குக்குத் தெரிந்ததை எழுதினார். அது மெத்தனால் என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். “இது வண்டிக்கு ஊத்துறது சார்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

4. நிறுத்திக்கொண்டதன் காரணம் இது. மெத்தனால் வாங்க என்னிடம் அனுமதி இருக்கிறது. ஆனால் அது பட்டறைக்கு உள்ளே வைத்துச் சோதிப்பதற்கு மட்டும். வாசலைத் தாண்டி எடுத்துப் போனால் விஷப்பொருள் சட்டப்படி குற்றம். என் கணவரின் சித்தப்பா மகன் வக்கீல். அன்று மதியமே வீட்டுக்கு வந்து எனக்குப் பின்வருமாறு அறிவுரை கூறினார்: “அண்ணி, அவங்க சாராயம்னு எழுதினா சாராயம்னே இருந்துட்டுப் போகட்டும். அபராதத்தக் கட்டி கார எடுத்துரலாம். பரிசோதன முடிவு வர மாசக்கணக்காகும். மெத்தனால்ங்கிற பேச்சு உங்க வாயிலேருந்து வந்துச்சு, நீங்க உள்ள போயிருவீங்க.” வீட்டில் எல்லாரும் சரியென்றோம். நானும் சரியென்றேன். குடிக்கிற பொருள் என்று ஊருக்கெல்லாம் பறைசாற்றும் ஒரு சீட்டோடு நாற்பது லிட்டர் விஷத்தை ஒரு திறந்த முற்றத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

5. நேற்று, வியாழக்கிழமை, காரை வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்து வரலாமென்று முற்றத்துக்குப் போனேன். மெத்தனால் தேங்கி நின்றால் ரப்பர் குழாய்களை அரித்துவிடும். என் கவலை அப்போது குழாய்களைப் பற்றியதாகவே இருந்தது. அங்கே குல்லா போட்ட காவலாளி ஒருவர் இருந்தார். காரின் மேல் ஒரு தார்ப்பாய் விரித்திருந்தது. “கூர இல்லாத வண்டியாச்சே, மழ வந்தா சீட்டு நனஞ்சிருமேன்னு என்னோடத எடுத்துப் போட்டேம்மா” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தபோதுதான் தொட்டியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்குவதைப் பார்த்தேன்.

அவர் ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. “ரெண்டே பாட்டில்தாம்மா எடுத்தேன், கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழம என் கடைசித் தம்பி வெளிநாட்டுலேருந்து வர்றான். அண்ணன் தம்பி அஞ்சு பேரும் ஒண்ணா உக்காந்து வருஷக்கணக்காச்சு. அதுக்குத்தான் வீட்டுல வச்சிருக்கேன். நான் ஒரு சொட்டுகூட வாயில வைக்கல, அவன் வரட்டும்னு” என்றார்.

அது விஷம், குடித்தால் கண் போய்விடும் என்றேன். அவர் சிரித்தார். “பத்தவச்சுப் பாத்துட்டேம்மா. நீலமா எரிஞ்சுது. சுத்தமான சரக்கு” என்றார். ஐயா, நீலமாக எரிந்தால் நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். குடித்த அன்று சாதாரணப் போதைதான் தெரியும். மறுநாள்தான் கண் மங்கும், மூச்சு வாங்கும். அதற்குள் அந்த ஐந்து பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். இதையெல்லாம் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரிடம் சொன்னேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “உங்க சரக்கக் காப்பாத்த என்னென்ன சொல்றீங்க! சீட்டுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. ஐயாவே கையெழுத்துப் போட்டிருக்காரு” என்றார். அந்தச் சீட்டு தப்பு என்று தெரிந்தும் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்தான்.

6. உடனே நிலையத்துக்கு ஓடினேன். எழுத்தர் நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, “புடிபட்டவங்க எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க, அது சரக்கே இல்லன்னு. எழுதிக் குடுங்க, பாப்போம்” என்றார். சீட்டைத் திருத்தும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும், உதவி ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றும் தெரிவித்தார். நான் மறுபடி முற்றத்துக்குப் போவதற்குள் குல்லாக்காரர் முறை முடிந்து கிளம்பியிருந்தார். இனி திங்கட்கிழமைதான் வருவாராம். அவருடைய வீடு எங்கே என்றும், கைபேசி எண் என்ன என்றும் கேட்டேன். வெளியாட்களுக்குத் தரக்கூடாது என்றார்கள். விதி நல்ல விதிதான். ஆனால் இந்த ஊரில் எத்தனை பேர் குல்லா போட்டிருக்கிறார்கள் என்பதை நேற்று மாலை தெருத்தெருவாக அலைந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

7. வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் கொழுந்தனார் தொலைபேசியில், “நீங்க சொன்னதுல அவரு பயந்து கீழ ஊத்தியிருப்பாரு அண்ணி, எதையும் எழுதிக் குடுத்துராதீங்க” என்றார். என் கணவர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், பட்டறைச் சாவியை எடுத்தேன், திரும்ப வைத்தேன். என் மாமியார்தான் பேசினார். “என் கார்லேருந்து எடுத்ததக் குடிச்சு ஒருத்தனுக்குக் கண்ணு போச்சுன்னா, அப்புறம் அந்தக் கார்ல நான் எப்படிடி ஏறி உக்காருவேன்? உன்ன உள்ள வச்சா தெனம் வந்து பாக்குறேன். எழுது” என்றார். அவர் என்னோடு வந்திருக்கிறார். கீழே சாட்சியாகக் கையெழுத்திடுகிறார்.

8. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து பின்வருவனவற்றை இன்றே செய்ய வேண்டுகிறேன்.

(அ) குல்லாக்காரரின் வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்த இரண்டு பாட்டில்களையும் கைப்பற்ற வேண்டும். சீருடையோடு ஒருவர் போய்ச் சொன்னால் நம்புவார். நான் சொன்னால் நம்பமாட்டார். யாராவது ஏற்கெனவே குடித்திருந்தால், நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் கேட்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கண் மங்கும்வரை காத்திருந்தால் காரியம் கைமீறிவிடும்.

(ஆ) சீட்டில் உள்ள ‘சாராயம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘விஷம்’ என்று பெரிதாக எழுதி, தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அதைச் செய்பவர்கள் பக்கத்தில் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. வெயிலில் மெத்தனால் தீப்பிடித்தால் சுவாலை கண்ணுக்கே தெரியாது. ஆள் தேவையென்றால் நானே செய்து தருகிறேன். காவலோடு அழைத்துப் போனாலும் சரி.

(இ) மேற்படி காவலாளியின் வேலைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் எடுத்தது தப்புத்தான். ஆனால் அவர் நம்பியது காவல் துறை கையெழுத்திட்ட ஒரு காகிதத்தை. என் காருக்குத் தார்ப்பாய் போட்டவர் அவர். அவர் தம்பிகள் வரும்போது அவருக்குக் கண் தெரிய வேண்டும்.

(ஈ) கார் குறித்து நான் எதுவும் கேட்கவில்லை. மலையோட்டம் அடுத்த மாதம் வருகிறது. அது வந்துவிட்டுப் போகட்டும்.

9. நான்காம் பத்தியில் உள்ளதை என் வாக்குமூலமாகவே ஏற்றுக்கொள்ளலாம். மற்றவர்கள் மீது புகார் சொல்ல வந்ததாக நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்தபின் படித்துப் பார்த்தால் இது என் மீதே நான் கொடுக்கும் புகாராக இருக்கிறது. அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கைது செய்யத் தாங்கள் ஒரு வண்டி அனுப்ப வேண்டியிருக்கும். எனக்கு வண்டி வேண்டாம், ஐயா. தங்கள் அறைக்கு வெளியே, கதவை ஒட்டித்தான் நிற்கிறேன். அந்த வண்டியை அவர் வீட்டுக்கு அனுப்புங்கள்.

நாள்: வெள்ளிக்கிழமை, காலை
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

தங்கள் உத்தரவுக்காகக் காத்து நிற்கும்,
(கையொப்பம்)
இன்ஜின் பட்டறை உரிமையாளர்

சாட்சி:
(கையொப்பம்)
மேற்படியாரின் மாமியார், காரின் சொந்தக்காரர்